நேரே போய் இடது பக்கம்

எங்கள் அப்பா வாழ்க்கையில் ஒரே ஒரு வீடுதான் கட்டினார். அதிலும் முதலில் கட்டி முடித்தது கக்கூஸைத்தான். அறுபதுகளின் தொடக்கம். தாம்பரத்துக்குப் பக்கத்தில் இரும்புலியூரில், தெற்கேயிருந்து மெட்ராஸுக்கு வருகிற ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே நான்காவது மனை. சுவர் எழும்புவதற்கு முன்னாலேயே கொல்லையில் செப்டிக் டேங்க் தோண்டிவிட்டார். ரயில்வே அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்தவருக்கு எதற்கும் முன்கூட்டித் திட்டம் வேண்டும். நாங்கள் மூன்றே பேர். குழியின் அளவைப் பார்த்துவிட்டுக் கொத்தனார், "இன்னா சார், நீச்சல் கத்துக்கப் போறியா?" என்று கேட்டாராம்.

அந்தக் குழிதான் என் கல்யாணத்தை இரண்டு முறை கெடுக்கப் பார்த்தது. பிறகு அதுவே நடத்தியும் வைத்தது. யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய கதை இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. அங்கிருந்து மெட்ராஸுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டு வழியாகத்தான் வந்தாக வேண்டும். பட்டணத்துக்குள் நுழைந்துவிட்டால் இறங்க இடம் கிடையாது. செங்கல்பட்டுக்கு வடக்கே தெரிந்தவர் வீடு, அதிலும் சுத்தமான பிளஷ்-அவுட் கக்கூஸ் என்றால் எங்களுடையதுதான். இந்தச் செய்தி எப்படியோ நாகர்கோவில் வரைக்கும் பரவிவிட்டது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள், பொருட்காட்சிக்கு வருகிறவர்கள், கண் ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வேனை எங்கள் வாசலில் நிறுத்தினார்கள்.

முதலில் போஸ்ட் கார்டு வரும். "கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு, வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணி வாக்கில் பதினான்கு பேர் வருகிறோம். ஐந்து நிமிடம் இறங்கி முகம் கழுவிக்கொண்டு போகிறோம். சிரமம் எதுவும் வேண்டாம்." கார்டைத் தபால்காரர் படிப்பார் என்பதால் யாரும் விஷயத்தை உடைத்து எழுதுவதில்லை. தபால்காரரோ கார்டை நீட்டும்போதே, "பதினாலு பேரும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அப்பா அதைக் கம்பியில் குத்திவைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

நான் ஒரே பெண். எனவே வாளி என்னுடைய துறை. கக்கூஸுக்குக் குழாய் கிடையாது. கிணற்றில் இறைத்து, வாளியை நிறைத்து, கதவுக்கு உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும். பதினான்கு பேர் என்றால் பதினான்கு வாளி. அம்மா அடுப்படியில் இட்லிக் கொப்பரையோடு நிற்பாள். "சிரமம் எதுவும் வேண்டாம்" என்று எழுதியவர்களுக்கு இட்லி கொடுக்காமல் அனுப்ப அம்மாவால் முடியாது. இட்லி தின்று, இரண்டு டம்ளர் காபி குடித்து, ஊர்க்கதை பேசி எழுந்திருக்கும்போது முதலில் போய்வந்தவர்களுக்கு மறுபடியும் போக வேண்டியிருக்கும். இந்தக் கணக்கு அம்மாவுக்குக் கடைசி வரை புரியவே இல்லை. எனக்குத் தோள்பட்டை விட்டுப்போகும். பால் ஊற்ற வருகிற அம்மாள் வாசலில் நிற்கிற வேனைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, வூடா பஸ் ஸ்டாண்டா?" என்பாள். நியாயமான கேள்விதான்.

இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. யாருக்கு எவ்வளவு அவசரம் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். காலை மாற்றி மாற்றி நிற்பவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சுவரில் மாட்டிய காலண்டரை உற்றுப் பார்ப்பவருக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரைத் தொடாமல், கேட்டதற்கெல்லாம் "ம்" என்று மட்டும் சொல்பவருக்கு நேரமே இல்லை. யாரும் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். அப்பாதான் பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொல்வார்: "நேரே போய் இடது பக்கம்." உடனே ஒரு நாற்காலி காலியாகும்.

ஆசிரியப் பயிற்சி முடித்து, தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையிலும் சேர்ந்துவிட்டேன். எழுபதுகள் பிறந்திருந்தன. வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்தார்கள்.

முதலில் பார்க்க வந்தவர்கள் சைதாப்பேட்டைக்காரர்கள். நான் பட்டுப் புடவையில் கேசரித் தட்டோடு ஹாலுக்குள் நுழைகிறேன், வாசலில் பிரேக் சத்தம் கேட்கிறது. போஸ்ட் கார்டு போடாமல் நாகர்கோவிலிலிருந்து பதினெட்டுப் பேர். கொல்லைக்குப் போக ஹால் வழியாகத்தான் வழி. மாப்பிள்ளையின் அத்தைக்கும் மாமாவுக்கும் நடுவில் வரிசை நின்றது. வரிசையில் மூன்றாவதாக நின்ற ஒரு சித்தி என்னைப் பார்த்துச் சந்தோஷமாக, "அம்மாடி, பட்டுச்சேலையில ராணி மாதிரி இருக்கே! உள்ள வாளி காலி, பாரு" என்றாள். கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். சைதாப்பேட்டைக்காரர்கள் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்றுவரைக்கும் சொல்லி அனுப்பவில்லை.

இரண்டாவது வரன், வாசலில் இரண்டு வேன்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு இறங்காமலேயே போய்விட்டது. வேறு யாரோ பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். அன்றைக்கு நான் அழுதேன். எனக்குக் கல்யாண ஆசையெல்லாம் இல்லை என்று சொல்லித் திரிந்தவள்தான். இருந்தாலும் ஒரு கக்கூஸின் பின்னால் நின்றபடியே என் காலம் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

மூன்றாவது வரன் விழுப்புரத்திலிருந்து. பையன் அரசாங்கத்தில் ரோடு வரைபடம் போடுகிற வேலை. பெண் பார்க்க வருவதைப் பற்றி அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். கடிதம் என்றா சொன்னேன், அது ஒரு பயணத் திட்டம். கறுப்பு மையில் ரோட்டை ஒரு கோடாக இழுத்து, அதில் ஊர்களைப் புள்ளி வைத்திருந்தார். திண்டிவனம், ரேடியேட்டருக்குத் தண்ணீர், பத்து நிமிடம். மதுராந்தகம் தாண்டி ஒரு பயணியர் விடுதி, பெரியவர்கள் இறங்கிச் சிரமம் தீர்த்துக்கொள்ள இருபது நிமிடம். இரும்புலியூர், மாலை நான்கு மணி. எல்லா நிறுத்தத்துக்கும் பக்கத்தில் மைலும் நேரமும்.

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பையன் டைம் டேபிள் போட்டிருக்கான் பாரு!" என்று அம்மாவிடம் மூன்று முறை காட்டினார். எனக்கும் உள்ளுக்குள் என்னவோ செய்தது. எத்தனை நூறு பேர் எங்கள் வாசலில் இறங்கியிருக்கிறார்கள்! புறப்படுவதற்கு முன்னாலேயே எங்கே இறங்குவது என்று யோசித்த மனிதரை அந்தக் காகிதத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கம்பியில் குத்திவைத்திருந்த கடிதத்தை அப்பா இல்லாத நேரத்தில் எடுத்து எடுத்துப் படித்தேன். இவர் வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆளைப் பார்க்காமலே ஒரு மேப்பைப் பார்த்து ஆசைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்த முறை எந்த வேனும் குறுக்கே வரக்கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருந்தாள். காலையிலேயே கக்கூஸ் கதவில் ஒரு பித்தளைப் பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எவன் வந்தாலும் கக்கூஸ் ரிப்பேர்னு சொல்லிடுங்க. ரோட்டோட போகட்டும்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு வேணும்னா?" என்று நான் கேட்டேன்.

அப்பா கம்பியிலிருந்து கடிதத்தை எடுத்து எனக்குக் காட்டினார். "அதான் போட்டிருக்காரே, மதுராந்தகம் தாண்டி இருபது நிமிஷம். அவங்க அங்கேயே முடிச்சுட்டு வருவாங்க."

பூட்டிய கக்கூஸுக்கு யார் தண்ணீர் இறைப்பார்கள்? பத்து வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்கு வாளி காலியாகக் கிடந்தது.

கார் நாலே காலுக்கு வந்தது. அவர், அவருடைய அம்மா, தாய்மாமா, மூன்றே பேர். நான் அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மாப்பிள்ளை ஒல்லியாக, நெற்றியில் வியர்வையோடு இருந்தார். அதற்கு மேல் அவரைப் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவருடைய அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தாய்மாமா நின்றுகொண்டே எங்கள் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். அது போன மாதத்துத் தாள், கிழிக்க மறந்திருந்தோம். அதை அப்படிப் படித்தார்.

"பிரயாணம் எல்லாம் சௌகரியமா?" என்றார் அப்பா.

"ம்," என்றார் அந்த அம்மாள்.

"தண்ணி குடிங்கம்மா."

"ம்."

டம்ளர் அப்படியே இருந்தது. அம்மா திரைக்குள் வந்து என் காதில், "தண்ணிகூடத் தொடலை. பிடிக்கலைபோல இருக்கு. மூஞ்சியை எப்படி வச்சிருக்காங்க பாரு" என்றாள்.

எனக்கா தெரியாது அந்த மூஞ்சி? பிடிக்காத மூஞ்சி வேறு. இது ஊரிலிருந்து வந்த அத்தை ஒருத்தர் ஒரு தடவை கொல்லை வரை போக முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாரே, அந்த மூஞ்சி. பயணியர் விடுதியில் ஏதோ நடந்திருக்கிறது. (காவல்காரர் விடுதியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். இது பின்னால் தெரிந்தது.) புறப்பட்டதிலிருந்து மூன்று பேருக்கும் போக இடமே கிடைக்கவில்லை. பெண் வீட்டில் பேச்சு முடிவதற்கு முன்னால் அவர்கள் கேட்கப்போவதில்லை. மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து, "உங்களுக்கு வருகிறதா?" என்று நாங்களும் கேட்க முடியாது. அப்பாவோ டைம் டேபிளை நம்பிக்கொண்டு கூலாக உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, சாவியைக் குடு," என்றேன்.

"வாயை மூடு. கேசரியை எடு."

அதற்குள் எங்கள் சபைக் காரியதரிசி தொண்டையைச் செருமினார். பக்கத்து வீட்டுக்காரர். நல்ல மனிதர். பெரியவராக ஒருவர் இருக்கட்டும் என்று அப்பா கூப்பிட்டிருந்தார். "ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் பேச்சை ஆரம்பிக்கலாம். பொண்ணையும் கூப்பிடுங்க" என்றார்.

அவருடைய சின்ன ஜெபத்தில் நான் ஒரு படி அரிசிக்குக் கல் பொறுக்கி முடித்திருக்கிறேன். நானும் அம்மாவும் வந்து கதவோரம் நின்றோம். எல்லோரும் கண்களை மூடினார்கள்.

முதலில் நாட்டின் தலைவர்களுக்காக ஜெபித்தார். பிறகு உலக சமாதானம். பிறகு மழை. முடிச்சூர் வயல்களுக்கும் ஏரிக்கும் தண்ணீர் வேண்டுமென்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, "வெள்ளம்போல் ஊற்றும் ஆண்டவரே, மதகுகளைத் திறந்துவிடும் ஆண்டவரே" என்றபோது தாய்மாமா பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்து, "இந்த நீண்ட வழிப் பிரயாணத்தில் ஒரு தடையும் இல்லாமல் இவர்களைக் கொண்டுவந்த கிருபைக்காக" என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அம்மா "ஐயோ, ஆண்டவரே!" என்று வாய்விட்டு முனகினார். காரியதரிசிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தன் ஜெபத்துக்கு இப்படி ஒரு பதில் அவருக்குக் கிடைத்ததே இல்லை. குரலை உயர்த்தி மறுபடியும் நாட்டின் தலைவர்களிடமிருந்து தொடங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணைத் திறந்தேன். அம்மாவின் முந்தானை முடிச்சு என் கைக்கு எட்டுகிற தூரத்தில் தொங்கியது. மெல்ல அவிழ்க்க ஆரம்பித்தேன். எறும்பு என்று நினைத்து அம்மா கண்ணைத் திறக்காமலே என் கையில் ஒன்று போட்டாள். விட்டுப் பிடித்தேன். இரண்டாவது முடிச்சைப் பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது. நான் குனிந்து, என் அம்மாவின் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரே இன்னும் இரண்டு கண்கள் திறந்திருந்தன.

மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஹாலில் கண் திறந்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். என் வாயில் முந்தானை. போச்சு, மூன்றாவதும் போச்சு என்று நினைத்தேன். ஆனது ஆகட்டும் என்று சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினேன். கொல்லைப்பக்கம் தலையை அசைத்தேன். அவருக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அந்த முகத்தில் வந்த நன்றியை நான் எந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் பார்த்ததில்லை. தன் அம்மாவின் முழங்கையைத் தொட்டார். அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார், சாவியைப் பார்த்தார், எழுந்தார். அந்தப் பருத்த உடம்போடு ஒரு சத்தம் இல்லாமல் என் பின்னால் வந்தார்.

பூட்டைத் திறந்து உள்ளே அனுப்பிவிட்டுப் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றில் வாளியை விட்டேன். உள்ளே இருந்து, "கண்ணு, நீ நல்லா இருக்கணும், நீ நல்லா இருக்கணும்" என்று குரல் வந்தது. அடுத்து தாய்மாமா வந்தார். அவருக்கும் ஒரு வாளி. ஹாலில் ஜெபம் இப்போது சபையின் நோயாளிகளுக்கு வந்திருந்தது. என் கொலுசு வரைக்கும் நனைந்துவிட்டது.

"ஆமென்" என்று சொல்லிக் காரியதரிசி கண்ணைத் திறந்தபோது எதிரே இரண்டு நாற்காலிகள் காலி. அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "போயிட்டாங்களா?" என்றார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, பெண்ணையும் காணோம் என்று அப்போதுதான் பார்த்தாள். தன் ஜெபத்தால் இப்படியும் நடக்குமா என்று காரியதரிசி வாயைப் பிளந்து நின்றார்.

மாப்பிள்ளை மட்டும் எழுந்து நின்று, மரியாதையாக, "எல்லாரும் பின்னால இருக்காங்க சார். நானும் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

பத்து வருஷப் பழக்கம், அப்பாவுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. "நேரே போய் இடது பக்கம்," என்றார்.

மூன்றாவது வாளியைக் கதவுக்குள் வைத்துவிட்டு நான் நிமிர்ந்தபோது அவர் கிணற்றடியில் நின்றார். முதன்முதலாக என்னிடம் பேசிய வார்த்தை: "மன்னிக்கணும். அந்த விடுதி பூட்டியிருந்தது. மாற்று ஏற்பாடு போட்டிருக்கணும். என் தப்புதான்."

"முதல்ல போயிட்டு வாங்க," என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பிறகு நடந்ததை நம்பமாட்டீர்கள். எல்லோரும் ஹாலுக்குத் திரும்பி, அந்த அம்மாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, மூன்றாவது முறையாகக் கேசரி கேட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் பிரேக் சத்தம். கோவில்பட்டியிலிருந்து ஒரு வேன், பன்னிரண்டு பேர். அம்மா வாசலுக்கு ஓடி, "கக்கூஸ் ரிப்பேர்!" என்று கத்துவதற்குள், மாப்பிள்ளையின் அம்மா கேசரிக் கையோடு எழுந்து கதவருகே போய்விட்டார். முதலில் இறங்கிய பெரியவரின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மாளுக்கும் அன்றைக்கு என் வித்தை வந்துவிட்டது.

"வாங்க வாங்க, நேரே போய் இடது பக்கம்," என்றார். திரும்பி என் அப்பாவைப் பார்த்து, "கல்யாணத் தேதியை நீங்களே பாத்துச் சொல்லுங்க சம்பந்தி. எங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு," என்றார். என்ன படித்திருக்கிறேன், பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா, எதுவும் கேட்கவில்லை. நான் தண்ணீர் இறைக்கப் போக வேண்டியிருந்ததால் வெட்கப்படவும் நேரம் இல்லை. அந்தப் பன்னிரண்டு வாளிகளில் பாதியை மாப்பிள்ளை இறைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு வாளிக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கல்யாணம் முடிந்து நான் விழுப்புரம் போனேன். அங்கும் கொல்லையில்தான் கக்கூஸ். கதவு மட்டும் வலது பக்கம். மூன்றாவது மாதம் அப்பா என்னைப் பார்க்கத் தனியாக பஸ் ஏறி வந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர், இஸ்திரி போட்ட சட்டை, கையில் பழப்பை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிரயாணம் எல்லாம் சௌகரியமா, மாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ம்," என்றார் அப்பா.

நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவர் தொடவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு வழி காட்டியவர், சம்பந்தி வீட்டில் வாய் திறந்து கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதரை எத்தனை நாள் வாளிக்காகத் திட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் வருகிற நேரத்தைக் கேட்டுவைத்து, காலையிலேயே இரண்டு வாளி நிறைத்திருந்தேன்.

"அப்பா," என்றேன், "நேரே போய் வலது பக்கம்."